கேள்வி – பதில்: மைனர் லீக் ஆட்டக்காரரின் தொழில்

2025ஆம் ஆண்டின் இறுதியில் ரொறன்ரோ புளூ ஜேஸ் அணி, வட அமெரிக்க பேஸ்போலின் சம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடர் வரை சென்றபோது, கனடாவில் உறவினர் உள்ள வன்னி வீடுகள் பலவற்றிலும் பேஸ்போல் பற்றிய பேச்சு எழுந்தது. அதையொட்டி எமக்குக் கிடைத்த கடிதங்களில் பெரும்பாலானவை பெரிய அணிகளைப் பற்றிக் கேட்கவில்லை. அவற்றுக்குக் கீழே ஆண்டுக்கணக்கில் விளையாடும் இளைஞர்களின் தொழில் எப்படிப்பட்டது என்றே கேட்டிருந்தன. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அந்த ஒரு விடயத்துக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, ஸ்காபரோவில் இருக்கும் என் தம்பியின் மகன் பல்கலைக்கழகப் படிப்பை மூன்றாம் ஆண்டுடன் நிறுத்திவிட்டு, அமெரிக்காவில் ஒரு பேஸ்போல் கழகத்துடன் ஒப்பந்தம் செய்திருக்கிறான். 14ஆவது சுற்றில் தெரிவானதாகத் தம்பி பெருமையாகச் சொல்கிறான். மச்சாளோ படிப்புப் போய்விட்டதே என்று அழுகிறாள். இங்கே எங்கள் அம்மா, "பேரன் அங்கே என்ன வேலை பார்க்கிறான்?" என்று கேட்டபடி இருக்கிறார். அயலவர்கள் கோடிக்கணக்கில் சம்பளம் என்று நினைக்கிறார்கள். இந்த மைனர் லீக் என்பது உண்மையில் என்ன?
— வாசகி, திருவையாறு, கிளிநொச்சி

பதில்: சகோதரி, உங்கள் தாயாரிடம் துணிந்து சொல்லுங்கள்: பேரன் ஒரு கழகத்தில் மாதச் சம்பளம் பெறும் முழுநேர ஆட்டக்காரர். அது ஒரு தொழில். ஆனால் அவர் இன்னும் அந்தக் கழகத்தின் முதன்மை அணிக்குத் தெரிவாகவில்லை. அந்தத் தெரிவு ஒவ்வொரு நாளும் நடந்துகொண்டிருக்கிறது.

வட அமெரிக்காவின் மேஜர் லீக்கில் 30 கழகங்கள் உள்ளன. ஒவ்வொரு கழகத்துக்கும் கீழே நான்கு அணிகள் வீதம் 120 மைனர் லீக் அணிகள் நான்கு படிகளில் இருக்கின்றன. கீழிருந்து மேலாகச் சொன்னால் அவை சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, ட்ரிப்பிள் ஏ என்பன. அவற்றுக்கும் கீழே, புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக புளோரிடாவிலும் அரிசோனாவிலும் டொமினிக்கன் குடியரசிலும் பயிற்சி லீக்குகள் நடக்கின்றன. ரொறன்ரோவை எடுத்துக்கொண்டால், அதன் சிங்கிள் ஏ அணி புளோரிடாவின் டனீடினிலும், ஹை ஏ அணி வான்கூவரிலும், டபுள் ஏ அணி நியூ ஹாம்ப்ஷயரிலும், ட்ரிப்பிள் ஏ அணி எல்லைக்கு அப்பால் பஃபலோவிலும் இருக்கின்றன. இந்த முறையை 1920களில் சென். லூயிஸ் கார்டினல்ஸ் கழகத்துக்காகக் கட்டியெழுப்பியவர் பிராஞ்ச் ரிக்கி. பணக்காரக் கழகங்களோடு போட்டியிட்டு ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்க அவரிடம் வசதி இருக்கவில்லை. எனவே மிளகாய்த் தோட்டக்காரர் நாற்றுமேடையில் நிறையப் போட்டு, தேறியவற்றை மட்டும் பிடுங்கி நடுவது போல, சிறு அணிகளைச் சொந்தமாக்கி நூற்றுக்கணக்கானோரைச் சேர்த்து, அவர்களுள் சிலரை மேலே எடுத்தார். முறை இன்றும் அதுதான். இதனால் ஒரு கசப்பான உண்மையும் உண்டு: மைனர் லீக்கில் அணி வெற்றி பெறுவதைவிட, எந்த ஆட்டக்காரர் மேலே போகத் தகுந்தவர் என்று கண்டறிவதே கழகத்துக்கு முக்கியம்.

கழகங்கள் முறைவைத்துப் புதிய ஆட்டக்காரரைப் பெயர் சொல்லி எடுக்கும் தெரிவு ஆண்டுதோறும் யூலை மாதம் நடைபெறும். அதில் 20 சுற்றுகள் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் வசிக்கும் மாணவர்கள் அதில் அடங்குவர். 14ஆவது சுற்று என்றால், ஏறத்தாழ நானூறு பேர் தெரிவான பின்னர் உங்கள் மருமகனின் பெயர் வாசிக்கப்பட்டிருக்கிறது. அது சிறிய விடயமல்ல. கல்லூரிகளில் விளையாடும் பல்லாயிரம் பேருக்கு எந்தச் சுற்றிலும் அழைப்பு வருவதில்லை. ஆனால் பணம் சுற்றுக்குச் சுற்று வேறுபடும். முதற்சுற்றின் முன்னணியில் வருபவர்கள் ஒப்பமிடும்போதே பல மில்லியன் டொலர் பெறுகிறார்கள். பத்தாவது சுற்றுக்குப் பின் தெரிவாகிறவர்களுக்கோ, கழகங்கள் பெரும்பாலும் 150,000 டொலரோ அதற்குக் குறைவாகவோதான் கொடுக்கின்றன. அதுவும் ஒரே ஒரு முறை கிடைக்கும் தொகை.

சம்பளத்தைப் பொறுத்தவரை, ஆட்டக்காரர் சங்கத்துக்கும் கழகங்களுக்கும் இடையே 2023இல் எட்டப்பட்ட கூட்டு உடன்படிக்கையின்படி சிங்கிள் ஏ ஆட்டக்காரரின் ஆகக் குறைந்த சம்பளம் ஆண்டுக்கு 26,200 டொலர். டொலருக்கு 300 ரூபாய் என்று வைத்தால் ஏறத்தாழ 78 இலட்சம் ரூபாய் வரும். கிளிநொச்சியில் இருந்து பார்க்கும்போது அது பெரிய தொகைதான். ஆனால் அதிலிருந்து வரி போக வேண்டும், அந்த நாட்டு விலைவாசியில் வாழவும் வேண்டும். எனவே காணி வாங்கவோ திருமணச் செலவுக்கு உதவவோ அவரிடம் யாரும் இப்போது கேட்கக் கூடாது. இதை அயலவர்களுக்கு நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அவருடைய நாள் எப்படிப் போகும் என்பதையும் தாயாருக்குச் சொல்லலாம். மாலை ஏழு மணிக்கு ஆட்டம் என்றால் பிற்பகல் ஒரு மணி, இரண்டு மணிக்கே மைதானத்துக்கு வந்துவிடுவார்கள். உடற்பயிற்சி, காணொளியில் எதிரணிப் பந்து வீச்சாளரைப் பார்த்தல், துடுப்பு அடித்துப் பழகுதல், களத்தடுப்பு என்று மாலைவரை வேலை இருக்கும். செவ்வாய் முதல் ஞாயிறுவரை ஒரே எதிரணியுடன் ஆறு ஆட்டங்கள் விளையாடுவார்கள். வெளியூர் என்றால் ஞாயிறு ஆட்டம் முடிந்ததும் பஸ்ஸில் ஏறி இரவெல்லாம் பயணம் செய்து, திங்கட்கிழமை ஓய்வெடுத்து, செவ்வாய் மறுபடி தொடங்குவார்கள். ஏப்ரல் தொடக்கம் செப்டெம்பர்வரை சிங்கிள் ஏ பருவகாலத்தில் 132 ஆட்டங்கள் உள்ளன. நான்கைந்து நாள் டெஸ்ட் ஆட்டத்துக்குப் பின் ஓய்வு கிடைக்கும் துடுப்பாட்டக்காரருக்கு இந்த ஓட்டம் விளங்குவது கடினம்.

மச்சாளின் கண்ணீருக்கு வருகிறேன். கல்லூரியில் இருந்து வருகிறவர், ஒப்பந்தம் செய்யும்போதே பின்னர் படிப்பை முடிப்பதற்கான செலவைக் கழகம் ஏற்கும் என்று எழுதிக்கொள்ளும் ஏற்பாடு அங்கே உண்டு. அது மருமகனின் ஒப்பந்தத்தில் இருக்கிறதா, எவ்வளவு தொகைக்கு, விளையாட்டை விட்டு எவ்வளவு காலத்துக்குள் படிப்பைத் தொடங்க வேண்டும் என்று தம்பியிடம் கேட்கச் சொல்லுங்கள். அழுவதைவிட அந்தத் தாளை எடுத்து வாசிப்பது பயன் தரும். மீதமுள்ள ஒரு வருடப் படிப்பைக் குளிர்காலத்தில் சிறிது சிறிதாக முடித்தவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: நன்றாக விளையாடுகிறவரை ஏன் நேரே முதன்மை அணியில் சேர்ப்பதில்லை? மேலே போக எத்தனை வருடம் பிடிக்கும்?
— வாசகர், வைரவபுளியங்குளம், வவுனியா

பதில்: இதற்கு ஒரே அளவு கிடையாது என்பதற்கு ரொறன்ரோவோடு தொடர்புள்ள இருவரே போதும்.

ட்ரே யெசாவேஜ் என்ற பந்து வீச்சாளரை புளூ ஜேஸ் கழகம் 2024இல் முதற்சுற்றில் 20ஆவது ஆளாகத் தெரிவுசெய்தது. 2025 வசந்த காலத்தில் அவர் டனீடினில் தொடங்கினார். வான்கூவர், நியூ ஹாம்ப்ஷயர், பஃபலோ என்று நான்கு படிகளையும் ஒரே பருவகாலத்தில் ஏறி, செப்டெம்பரில் முதன்மை அணியில் முதன்முதலாக வீசினார். அடுத்த மாதம் உலகத் தொடரின் முதலாவது ஆட்டத்தில் புளூ ஜேஸின் தொடக்க வீச்சாளராக இறங்கியவரும் அவரே. ஐந்தாவது ஆட்டத்தில், எதிரணியான டொட்ஜர்ஸின் துடுப்பாளர்களை, மூன்று நல்ல பந்துகளைத் தவறவிடச் செய்து 12 தடவை வெளியேற்றினார். உலகத் தொடரில் அறிமுக ஆண்டு வீச்சாளர் ஒருவர் அதுவரை அத்தனை தடவை அப்படி வெளியேற்றியதில்லை. இத்தகைய ஏற்றம் மிக மிக அரிது. இதைப் பார்த்துவிட்டு மற்றப் பிள்ளைகளிடம் "நீ எப்போது?" என்று கேட்பது அநியாயம்.

மற்றவர் ஜோயி வொட்டோ. ரொறன்ரோவில் பிறந்த அவரை சின்சினாட்டி ரெட்ஸ் கழகம் 2002இல் இரண்டாவது சுற்றில் தெரிவுசெய்தது. 2007 செப்டெம்பரில்தான் அவர் முதன்மை அணிக்கு வந்தார். அதாவது ஐந்து வருடம் கீழேதான் இருந்தார். 2010இல், மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான தேசிய லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குக் கிடைத்தது. 17 பருவகாலம் சின்சினாட்டிக்கு விளையாடிய பிறகு, 2024இல் தன் சொந்த ஊர் அணிக்கு விளையாடும் விருப்பத்தோடு புளூ ஜேஸுடன் ஒரு மைனர் லீக் ஒப்பந்தம் செய்தார். 40 வயதில் டனீடினிலும் பஃபலோவிலும் இளைஞர்களோடு ஆடி, மேலே அழைப்பு வராமலே ஓகஸ்ட்டில் ஓய்வு பெற்றார். இவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கும் அந்த வாசல் தானாகத் திறக்கவில்லை.

காலம் எடுப்பதற்கு முதற் காரணம் ஆட்டத்தின் கடினம். 18.44 மீற்றர் தொலைவில் இருந்து மேஜர் லீக் வீச்சாளர்கள் எறியும் வேகப்பந்து சராசரியாக மணிக்கு 150 கிலோமீற்றர் அளவில், நிலத்தில் குத்தாமல் வருகிறது. அதே கையசைவோடு வேகம் குறைந்த பந்தும் வளையும் பந்தும் வரும். அதோடு, கல்லூரிவரை உலோகத் துடுப்பால் அடித்துப் பழகியவர் இங்கே மரத்துடுப்புக்கு மாற வேண்டும். உலோகத் துடுப்பில் கைப்பிடிக்கு அருகே பட்ட பந்தும் களத்தடுப்பாளரைத் தாண்டி விழும். மேப்பிள் மரத் துடுப்பில் அதே இடத்தில் பட்டால் துடுப்பு பிளந்து, துண்டு ஒரு பக்கமும் பந்து காலடியிலுமாக விழும். சரியாகப் பட வேண்டிய இடம் சில அங்குலம் மட்டுமே. கல்லூரியில் பேர் பெற்ற பலர் முதல் வருடத்திலேயே தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

இரண்டாவது காரணம் இடம் இல்லாமை. முதன்மை அணியின் ஆட்டப் பட்டியலில் 26 பேர். அதற்குப் பின்னால் 40 பேர் கொண்ட பெரிய பட்டியல். இந்த நாற்பதுக்குள் வருவதே ஒரு மைனர் லீக் ஆட்டக்காரரின் முதல் இலக்கு. களத்தில் அதே இடத்தில் ஆடும் மூத்தவர் நலமாக இருக்கும்வரை கீழே இருப்பவர் எவ்வளவு அடித்தாலும் காத்திருக்க வேண்டியதுதான். 19 வயதிலோ அதற்குப் பின்னரோ ஒப்பந்தமானவரை நான்கு பருவகாலத்தின் பின்னும் அந்த நாற்பதில் சேர்க்காவிட்டால், டிசெம்பரில் நடக்கும் ஒரு தனித் தெரிவில் வேறு கழகம் அவரை எடுத்துக்கொள்ளலாம். ஒரே கழகம் ஒருவரைக் கீழே பூட்டி வைப்பதைத் தடுக்கவே இந்த விதி. என் பார்வையில் இது இன்னும் தாராளமாக இருக்க வேண்டும். நான்கு வருடம் என்பது ஓர் ஆட்டக்காரரின் உடல் வலுவின் பெரும் பகுதி.

கேள்வி: இவ்வளவு பணம் புரளும் விளையாட்டில் கீழ்மட்ட ஆட்டக்காரர்கள் வறுமையில் இருந்ததாகப் படித்தேன். அது உண்மையா? எப்படி மாறியது?
— தொழிற்சங்க உறுப்பினர், மல்லாவி

பதில்: உண்மை. 2020க்கு முன்னர் கீழ்ப்படி ஆட்டக்காரரின் ஆகக் குறைந்த சம்பளம் வாரம் 290 டொலர். அதுவும் ஆட்டம் நடக்கும் ஐந்து மாதங்களுக்கு மட்டும். வசந்த காலப் பயிற்சிக்குச் சம்பளமே கிடையாது. ஓர் அறை வீட்டில் ஐந்தாறு பேர் காற்று மெத்தை விரித்துப் படுத்தார்கள். பருவகாலம் முடிந்ததும் கடைகளிலும் களஞ்சியங்களிலும் கூலி வேலை செய்து அடுத்த ஏப்ரல்வரை ஓட்டினார்கள். மேஜர் லீக் ஆட்டக்காரர்களுக்கு 1966இல் மார்வின் மில்லர் தலைமையேற்ற காலம் முதல் வலிமையான சங்கம் இருந்தது. ஆனால் மைனர் லீக்கினர் அந்தச் சங்கத்துக்கு வெளியே நின்றார்கள். வணிகத்தில் ஏகபோகத்தைத் தடுக்கும் போட்டிச் சட்டத்திலிருந்து பேஸ்போலை விலக்கி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1922இல் வழங்கிய தீர்ப்பும் கழக உரிமையாளர்களுக்குச் சாதகமாகவே இருந்தது.

2014இல் முன்னாள் ஆட்டக்காரர்கள் சிலர், தமக்குச் சட்டப்படியான ஆகக் குறைந்த ஊதியம் கொடுக்கப்படவில்லை என்று வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2018இல், இந்த ஆட்டக்காரர்களுக்கு மேலதிக நேர ஊதியம் கொடுக்கத் தேவையில்லை என்ற ஏற்பாட்டை ஒரு பெரிய செலவுச் சட்டமூலத்துக்குள் நுழைத்து அமெரிக்கக் காங்கிரஸில் நிறைவேற்றினார்கள். தொழிலாளருக்கு எதிராக இவ்வளவு அப்பட்டமாக ஒரு சட்டம் வந்ததை எண்ணும்போது இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. இருந்தும் ஆட்டக்காரர்கள் விடவில்லை. 2022இல் அந்த வழக்கு 185 மில்லியன் டொலர் இழப்பீட்டுடன் தீர்க்கப்பட்டது. அதே ஆண்டு முதல் வீட்டு வசதி கழகங்களின் பொறுப்பாயிற்று. அவ்வாண்டு செப்டெம்பரில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட மைனர் லீக் ஆட்டக்காரர்கள் மேஜர் லீக் ஆட்டக்காரர் சங்கத்தில் இணைந்தார்கள். 2023 மார்ச் இறுதியில் அவர்களுடைய முதலாவது கூட்டு உடன்படிக்கை கையெழுத்தாகியது.

அதன் பயனை எண்களில் பாருங்கள். பயிற்சி லீக்கில் 4,800 டொலராக இருந்த ஆண்டுச் சம்பளம் 19,800 ஆனது. சிங்கிள் ஏயில் 11,000 என்பது 26,200 ஆகவும், டபுள் ஏயில் 13,800 என்பது 30,250 ஆகவும், ட்ரிப்பிள் ஏயில் 17,500 என்பது 35,800 ஆகவும் உயர்ந்தன. ஆனால் 2025இல் மேஜர் லீக்கின் ஆகக் குறைந்த சம்பளம் 760,000 டொலர். பஃபலோவில் இருப்பவருக்கும் ரொறன்ரோவில் இருப்பவருக்கும் இடையே காரில் இரண்டு மணிநேரப் பயணம்தான்; சம்பளத்தில் இருபது மடங்கு வித்தியாசம். இந்தப் பக்கத்தில் வெற்றியையும் எழுத வேண்டும், இதையும் எழுத வேண்டும். அதே பேரத்தின்போது ஒவ்வொரு கழகமும் வைத்திருக்கக்கூடிய மைனர் லீக் ஆட்டக்காரர் எண்ணிக்கை 180இலிருந்து 165ஆகக் குறைக்கப்பட்டது. 2021இல் கழகங்களோடு இணைந்த அணிகளையே 120ஆகச் சுருக்கிவிட்டதால், நாற்பதுக்கு மேற்பட்ட சிற்றூர்கள் ஏற்கெனவே தம் அணியின் பழைய நிலையை இழந்திருந்தன. சம்பளம் கூடியது, கதவு சற்று ஒடுங்கியது.

கேள்வி: கடைசிவரை மேஜர் லீக்கில் நிலைக்காதவர் தோற்றவர்தானே? இதை ஏன் ஒரு தொழில் என்கிறீர்கள்?
— வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: நான் அப்படி நினைக்கவில்லை. மைக் ஹெஸ்மன் என்பவரைப் பற்றிச் சொல்கிறேன். 1996இல் அட்லாண்டா கழகம் அவரை 15ஆவது சுற்றில் தெரிவுசெய்தது. 2015வரை அவர் துடுப்பைக் கீழே வைக்கவில்லை. இடையே மேஜர் லீக்கில் 109 ஆட்டங்கள் விளையாடி 14 ஹோம் ரன் (பந்தை எல்லை வேலிக்கு அப்பால் அனுப்பும் அடி) அடித்தார். 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அமெரிக்க அணியில் இருந்தார். ஒரு பருவகாலம் யப்பானிலும் ஆடினார். மீதிக் காலம் முழுவதும் மைனர் லீக். 2015 ஓகஸ்ட் 3ஆம் திகதி, டொலீடோ அணிக்காக, மூன்று தளங்களிலும் ஆட்கள் நிற்கையில் அவர் அடித்த ஹோம் ரன் மைனர் லீக்கில் அவருடைய 433ஆவது. அமெரிக்க மைனர் லீக்குகளில் பஸ் ஆர்லெட் அடித்திருந்த 432 என்ற பழைய சாதனையை அது முறியடித்தது. ஹெஸ்மன் பின்னர், டொலீடோ அணி சேர்ந்துள்ள டெட்ரோயிட் கழகத்தின் அமைப்பில் துடுப்புப் பயிற்றுவிப்பாளரானார். இருபது பருவகாலம் ஒரு வேலையைத் திறமையாகச் செய்து, குடும்பத்தைக் காப்பாற்றி, அந்த வேலையில் எவரும் எட்டாத எண்ணிக்கையை எட்டிய மனிதரைத் தோற்றவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இன்னுமோர் ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். 1981 ஏப்ரல் 18ஆம் திகதி இரவு ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பொட்டக்கெட் நகரில், பொட்டக்கெட் – ரொச்செஸ்டர் ட்ரிப்பிள் ஏ அணிகள் மோதின. பேஸ்போலில் இரு அணிகளும் ஒவ்வொரு முறை அடித்து முடிப்பதே ஓர் இனிங்ஸ். வழக்கமாக ஒன்பது இனிங்ஸில் முடிய வேண்டிய ஆட்டம் சமநிலையில் நீண்டுகொண்டே போயிற்று. குளிர் தாங்காமல் உடைந்த துடுப்புகளை எரித்துக் கை காய்ந்தார்கள். விடியற்காலை 4.07க்கு, 32 இனிங்ஸ் முடிந்து 2–2 என்று நின்றபோது ஆட்டம் இடைநிறுத்தப்பட்டது. அப்போது அரங்கில் இருந்த பார்வையாளர் 19 பேர். யூன் 23ஆம் திகதி மீண்டும் தொடங்கிய ஆட்டம் பதினெட்டே நிமிடத்தில் முடிந்தது. தொழில்முறை பேஸ்போலில் அதுவே மிக நீண்ட ஆட்டம். பின்னாளில் பேஸ்போலின் மிகச் சிறந்தவர்களுக்கான புகழ் மண்டபத்தில் இடம்பெற்ற கெல் ரிப்கனும் வேட் பொக்ஸும் அந்த மைதானத்தில் இருந்தார்கள். ஆனால் 33ஆவது இனிங்ஸில் வெற்றி ஓட்டத்தைப் பெற்றுத் தந்த அடியை அடித்தவர் டேவ் கோசா. அவர் ஒரு நாள்கூட மேஜர் லீக்கில் விளையாடியதில்லை. அந்த அடியின் பெறுமதி அதனால் ஓர் அணுவும் குறைந்துவிடவில்லை.

அதேவேளை பிள்ளைகளைப் பொய்யான நம்பிக்கையில் விடவும் கூடாது. மைனர் லீக்கில் நுழைவோரில் சிறு பகுதியினரே ஒரு நாளாவது மேலே விளையாடுகிறார்கள். கழகம் எந்த நேரமும் ஒருவரை விடுவிக்கலாம். கேட்காமலே வேறு கழகத்துக்கு மாற்றலாம். விடுவிக்கப்பட்டவர்கள் கழகத் தொடர்பில்லாத தனி லீக்குகளிலும் மெக்சிக்கோவிலும் ஆடுகிறார்கள். பலர் பயிற்றுவிப்பாளராகவோ, புதிய ஆட்டக்காரரைத் தேடிக் கண்டறிபவராகவோ, பாடசாலை ஆசிரியராகவோ ஆகிறார்கள். இருபத்தாறு, இருபத்தேழு வயதில் டபுள் ஏயைத் தாண்டாதவர் தன் அடுத்த தொழிலை அந்தக் குளிர்காலத்திலேயே யோசிக்கத் தொடங்குவது நல்லது.

கேள்வி: கூடைப்பந்து வீரர் மைக்கல் ஜோர்டன் மைனர் லீக்கில் விளையாடினாரா?
— மாணவன், மாங்குளம்

பதில்: ஆம், தம்பி. 1994இல் பேர்மிங்ஹம் பரன்ஸ் என்ற டபுள் ஏ அணிக்காக 127 ஆட்டங்கள். துடுப்புச் சராசரி .202 (பத்துத் தடவையில் இரண்டு முறை சரியாக அடிப்பது), மூன்று ஹோம் ரன், 30 தளத் திருட்டு (பந்து அடிக்கப்படாமலே அடுத்த தளத்துக்கு ஓடிப் பிடிப்பது). 1995 மார்ச்சில் கூடைப்பந்துக்குத் திரும்பினார். உலகின் மிகச் சிறந்த உடற்திறன் கொண்டவர்களில் ஒருவரே டபுள் ஏ வீச்சாளர்களிடம் இவ்வளவு தடுமாறினார் என்றால், அந்தப் படியில் உள்ளவர்களின் தரம் உனக்கு விளங்கும்.

கேள்வி: எமது பாடசாலையில் எல்லே நன்றாக விளையாடும் பிள்ளைகளும், ஈட்டி எறிதலில் மாகாண மட்டம் சென்ற பிள்ளைகளும் இருக்கிறார்கள். இங்கிருந்து ஒருவர் மைனர் லீக்குக்குப் போக வழி உண்டா?
— உடற்கல்வி ஆசிரியர், முல்லைத்தீவு

பதில்: ஆசிரியர் அவர்களே, உங்கள் கேள்வியில் ஈட்டி எறிதலைச் சேர்த்ததிலேயே உங்கள் கண் சரியான இடத்தைப் பார்த்திருக்கிறது. 2008இல் இந்தியாவில் பல்லாயிரம் பேர் பங்குபற்றிய ஒரு பந்தெறியும் போட்டியில் முன்னணிக்கு வந்த ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் இருவருமே உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறி வீரர்கள். அதற்கு முன் அவர்கள் பேஸ்போலைக் கையால் தொட்டதில்லை. கலிபோர்னியாவில் சில மாதம் பயிற்சி பெற்று, அதே ஆண்டு நவம்பரில் பிட்ஸ்பேர்க் பைரேட்ஸ் கழகத்துடன் ஒப்பமிட்டார்கள்; 2009இல் புளோரிடாவின் பயிற்சி லீக்கில் வீசினார்கள். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்போலில் ஆடிய முதல் இந்தியர்கள் அவர்களே. தினேஷை 2010இல் கழகம் விடுவித்தது. இடது கை வீச்சாளரான ரிங்கு 2012இல் மேற்கு வேர்ஜினியாவின் சிங்கிள் ஏ அணிவரை உயர்ந்தார். பின்னர் காயங்கள் அவரைத் தொடரவிடவில்லை. பிற்காலத்தில் அவர் மல்யுத்தத்துக்குப் போனார்.

ஈட்டி எறிபவரின் தோளும் முழங்கையும் பேஸ்போல் வீச்சுக்கு நெருங்கியவை. கையை மடக்காமல் வீசும் துடுப்பாட்டப் பந்து வீச்சாளரின் அசைவு அப்படியல்ல. துடுப்பாட்டத்தில் தேடுவதானால், எல்லைக் கோட்டில் இருந்து விக்கெட் காப்பாளரின் கைக்கு நேரே எறியும் களத்தடுப்பாளரைக் கவனியுங்கள். எல்லே ஆடும் பிள்ளைக்குத் துடுப்பைச் சுழற்றி அடித்துவிட்டு ஓடும் பழக்கம் இருக்கிறது. ஆனால் டென்னிஸ் பந்துக்கும், 142 முதல் 149 கிராம் நிறையுள்ள தோல் பந்துக்கும் இடையே பெரிய தூரம் உண்டு.

இலங்கையில் தேசிய பேஸ்போல் அணி இருக்கிறது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் பங்குபற்றியது. தியகமவில் யப்பானிய உதவியோடு அமைந்த பேஸ்போல் மைதானம் உண்டு. வன்னிப் பிள்ளைக்கு முதல் இலக்கு அமெரிக்கா அல்ல. அந்தத் தியகம மைதானமும் தேசிய அணியும்தான். அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் வெளியே உள்ளவர்கள் யூலைத் தெரிவுக்குள் வரமாட்டார்கள். 16 வயது முதல் கழகங்கள் நேரடியாக ஒப்பந்தம் செய்யலாம். அப்படிச் சேர்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் டொமினிக்கன் குடியரசையும் வெனிசுவேலாவையும் சேர்ந்தவர்கள். அங்கே பிள்ளைகள் பத்து வயதிலேயே பயிற்சியில் இறங்கிவிடுகிறார்கள். ஆகவே சாதாரண தரப் பரீட்சையையோ உயர்தரத்தையோ இதற்காக எந்தப் பிள்ளையும் விட வேண்டாம். இதை நான் உறுதியாகச் சொல்கிறேன். பணம் கட்டினால் அமெரிக்கக் கழகத்தில் சேர்த்துவிடுவதாகச் சொல்லும் எவரையும் பெற்றோர் நம்ப வேண்டாம். உண்மையான கழகம் ஆட்டக்காரருக்குத்தான் பணம் கொடுக்கும்.

ஒரு வேண்டுகோள். ஆர்வத்தில் பிள்ளைகளை நாள்தோறும் முழு வேகத்தில் எறியவிடாதீர்கள். முழங்கையின் உட்புறத்தில் எலும்புகளை இணைக்கும் நார் கிழிவது இந்த விளையாட்டின் பெரிய சாபம். 1974இல் டொமி ஜோன் என்ற வீச்சாளருக்கு வைத்தியர் பிராங்க் ஜோப் முதன்முதலாகச் செய்த சத்திரசிகிச்சை இன்று அவர் பெயரால் வழங்குகிறது. அதன் பின் மீண்டும் வீசுவதற்கு ஒரு வருடத்துக்கு மேல் செல்லும். 15, 16 வயதுப் பிள்ளை ஒரு நாளில் 95 வீச்சுக்கு மேல் வீசக் கூடாது, 76ஐத் தாண்டினால் நான்கு நாள் ஓய்வு வேண்டும் என்று அமெரிக்காவில் வழிகாட்டல் வகுத்திருக்கிறார்கள். அந்த வசதிகள் எல்லாம் உள்ள இடத்திலேயே இவ்வளவு கவனம் என்றால், காயத்துக்குச் சிகிச்சை தேடி யாழ்ப்பாணமோ கொழும்போ போக வேண்டிய நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் பேரப்பிள்ளையும் ஒரு சிங்கிள் ஏ அணியில் இருக்கிறார். இங்கிருந்தபடி அவருடைய ஆட்டங்களை எப்படிப் பின்தொடர்வது?
— ஓய்வுபெற்ற தபாலதிபர், கனகராயன்குளம்

பதில்: ஐயா, மைனர் லீக்கின் இணையத்தளத்தில் அவருடைய பெயரை இட்டால் அன்றன்றைய ஆட்ட விபரமும் பருவகாலக் கணக்கும் வரும், பல ஆட்டங்களை நேரடியாகப் பார்க்கவும் வசதியுண்டு. புளோரிடாவிலோ கரோலைனாவிலோ மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் எமக்கு மறுநாள் அதிகாலை 4.30. கலிபோர்னியா லீக் என்றால் காலை 7.30. இப்போது வீச்சுக்கு நேரக் கட்டுப்பாடு இருப்பதால் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒரு நாள் நான்கு தடவை அடிக்க நின்று ஒன்றும் அடிக்காவிட்டால் கவலைப்படாதீர்கள். பத்துத் தடவையில் மூன்று முறை அடித்து ஓடுபவரே அங்கே சிறந்தவர். அன்றைய கணக்கைப் பற்றித் தொலைபேசியில் அவரிடம் விசாரிக்கவும் வேண்டாம். பயிற்றுவிப்பாளர்கள் அதை ஏற்கெனவே விசாரித்திருப்பார்கள். சாப்பிட்டாரா, நித்திரை கொண்டாரா என்று கேளுங்கள். அழைப்பதற்கு நல்ல நேரம் அவருடைய திங்கட்கிழமைக் காலை. அன்று ஆட்டம் இல்லை, எமக்கு அப்போது மாலை ஏழு, எட்டு மணியாக இருக்கும்.